செல்வ மயக்கமும் பிள்ளை வளர்ப்பும்

அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் 2013 ஆம் ஆண்டு 16 வயதுச் சிறுவன் ஒருவன் குடிவெறியில் வண்டியோட்டி நால்வர் உயிரைப் போக்கினான். வரம்பு விதியாத செல்வப் பெற்றோரிடம் வளர்ந்தமையால் செயலின் விளைவை அறியான் என்று அவன் சார்பில் உளநூலார் ஒருவர் சான்றுரைத்தார். அவர் ஆண்ட சொல் 'அஃபுளூவென்சா', பணநோய் எனலாம். மருத்துவம் அதனை நோயென ஏற்றதில்லை. சிறையின்றி 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு அவன் வெளிவந்தான்.

நோய் மகனுக்கா, பெற்றோருக்கா? வீட்டுப்பாடம் எழுதாத மகனுக்காகப் பொய்யுரைக்கும் தாயரை ஆசிரியர் அறிவோம். அது ஏழை வீட்டிலும் உண்டு. பணம் அதனை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும், அவ்வளவே. 2015 இல் குடிவிருந்தொன்றில் அவன் இருந்ததாகப் படக்காட்சி வெளிவந்ததும், தாயே அவனை அழைத்துக்கொண்டு மெக்சிகோவுக்கு ஓடினார். 2016 இல் நீதிமன்றம் அவனுக்கு 720 நாள் சிறை விதித்தது.