ஆம்பூர்ப் போரும் இருபது விநாடிக் கணக்கும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இரயில், வாணியம்பாடியை அடைவதற்குச் சற்று முன்னால் ஆம்பூரில் நிற்கும். அருகில் பாலாறு, சுற்றிலும் குன்றுகள். தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். பிரியாணிக்கும் பெயர் பெற்றது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலக வரலாற்றின் போக்கைத் திருப்பிய போர்களுள் ஒன்று இவ்வூரின் அருகேதான் நடந்தது என்பது மட்டும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

திருப்புமுனை என்றவுடன் 1453, 1492, 1789 என்ற ஆண்டுகள் உங்கள் நினைவுக்கு வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவற்றோடு 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் வரலாற்றில் ஏன் தலையிடுகிறான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தப் போருக்குப் பின்னால் ஓர் எளிய வேகக் கணக்கு இருக்கிறது.

வெடிமருந்து சீனர்களின் கண்டுபிடிப்பு. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் ஏறக்குறைய 75, 10, 15 என்ற எடை விகிதத்தில் கலந்தால் நல்ல வெடிமருந்து கிடைக்கும். வெடியுப்பு ஆக்சிஜனைத் தருகிறது. மற்ற இரண்டும் எரிகின்றன. மூடிய குழாய்க்குள் எரிந்து உண்டாகும் சூடான வாயு, குண்டை வெளியே தள்ளுகிறது. 1453இல் துருக்கியர் இத்தகைய பீரங்கிகளைக் கொண்டுதான் கான்ஸ்டாண்டிநோபிளின் மதில்களைத் தகர்த்தனர். 1526இல் பானிபட்டில் பாபர் வெற்றி பெற்றதற்கும் பீரங்கிகள் உதவின. எனவே வெடிமருந்து இந்தியர்களுக்குப் புதியதன்று. கர்நாடக நவாபிடமும் பீரங்கிகள் இருந்தன, துப்பாக்கிகள் இருந்தன. அப்படியானால் வேறுபாடு எங்கே வந்தது?

வேறுபாடு நேரத்தில் வந்தது.

பழைய திரித் துப்பாக்கியில், எரியும் திரி ஒன்றை மருந்தில் தொடவைத்துச் சுட வேண்டும். திரி அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பக்கத்தில் நிற்பவனின் மருந்தில் படாமலும் காக்க வேண்டும். நிமிடத்திற்கு ஒரு முறை சுட்டாலே பெரிது. 1700ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பியப் படைகள் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மாறின. வில் விசையால் பாயும் சக்கிமுக்கிக் கல் எஃகில் மோதித் தீப்பொறியை எழுப்பும். திரி தேவையில்லை. ஒரு முறைக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டித் தோட்டாவாக்கித் தோல்பைக்குள் நனையாமல் வைத்தார்கள். மருந்தை இடித்து இறுக்குவதற்கு மரக்கோலுக்குப் பதில் இரும்புக் கோல் வந்தது. மரக்கோல் அவசரத்தில் முறிந்துவிடும், இரும்பு முறியாது. சின்னஞ்சிறு மாற்றங்கள்தாம். ஆனால் பயிற்சி பெற்ற வீரன் இருபது விநாடிக்கு ஒரு முறை சுட முடிந்தது.

இப்போது தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு வீரர்களை மூன்று குழுக்களாகப் பிரிப்போம். முதற் குழு சுட்டுவிட்டு மருந்து நிரப்பும்போது இரண்டாவது சுடும், பிறகு மூன்றாவது. அப்படியானால் ஏறக்குறைய ஏழு விநாடிக்கு ஒரு முறை நூறு குண்டுகள் பாயும். எதிரிக் காலாட்படை நூறு மீட்டர் தொலைவிலிருந்து விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வருகிறது. வந்து சேர ஐம்பது விநாடி ஆகும். அதற்குள் அது எட்டு முறை குண்டு மழையைச் சந்திக்க வேண்டும். அதே முந்நூறு பேர் திரித் துப்பாக்கியோடு நின்றால் மூன்றே முறைதான். குதிரைப்படை விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பாய்ந்து வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். துப்பாக்கியின் நுனியில் குத்துக்கத்தியைப் பொருத்தி நெருக்கமாக நின்றார்கள். கத்தி வரிசையின் மேல் குதிரை பாயத் தயங்கும்.

இத்தனை நெருக்கம் ஏன் தேவைப்பட்டது என்பதும் இயற்பியல்தான். அக்காலத்துப் படைத் துப்பாக்கியின் குழாய் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதற்குள் சற்றுத் தளர்வாகவே இருக்கும். எனவே குழாயின் பக்கங்களில் மோதி மோதி வெளியேறும் குண்டு எந்தத் திசையில் செல்லும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தனி ஒருவன் குறி பார்ப்பதில் பயனில்லை. நூறு பேர் ஒரே சமயத்தில் சுட்டால்தான் சில குண்டுகளாவது பயன் தரும்.

இந்தக் கணக்கு நம் மண்ணில் முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்த இடம் சென்னை அடையாற்றங்கரை. 1746இல், ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை, நவாபின் மகன் மாபூஸ்கான் தலைமையில் நின்ற சுமார் பத்தாயிரம் பேரை அங்கே சிதறடித்தது. அந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களே என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நமக்கு இது தேவைப்படும்.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே என்ன சண்டை? ஆஸ்திரிய அரியணை யாருக்கு என்று 1740இல் ஐரோப்பாவில் தொடங்கிய போர் கடல் கடந்து சோழமண்டலக் கரைக்கும் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைப் பிடித்தனர். 1748இல் சமாதானம் ஏற்பட்டபோது சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதற்கு ஈடாகப் பிரான்சுக்கு வட அமெரிக்காவிலுள்ள லூயிஸ்பர்க் என்ற கோட்டை திரும்பக் கிடைத்தது. கனடா நாட்டுக் கடற்கரைக் கோட்டை ஒன்றுக்கு மாற்றாக நம் சென்னை! சென்னை மக்களை யாரும் கேட்கவில்லை.

அதே 1748இல் ஐதராபாத் நிசாம் காலமானார். அரியணைக்குப் போட்டி. கர்நாடக நவாப் பதவிக்குச் சந்தா சாகிபு உரிமை கொண்டாடினார். நிசாமின் பேரன் முசாபர் ஜங்கும் அவரும் கைகோத்தனர். புதுச்சேரி ஆளுநர் தூப்ளே, அடையாற்றுக் கணக்கை நன்கு புரிந்துகொண்டவர். ஏறத்தாழ நானூறு பிரெஞ்சு வீரர்களையும் இரண்டாயிரம் சிப்பாய்களையும் அவர்களுக்கு உதவியாக அனுப்பினார்.

நவாப் அன்வாருதீன்கான் மிகவும் முதியவர். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர். ஆம்பூரில் மலைக்கும் ஏரிக்கும் இடையிலான குறுகிய வழியில் அரண் எழுப்பிக் காத்திருந்தார். அவருடைய பீரங்கிகளை இயக்கியவர்களில் அவரிடம் கூலிக்குச் சேர்ந்த ஐரோப்பியர் சிலரும் இருந்தனர். பிரெஞ்சுப் படை முதல் முறை மோதியது, பின்வாங்கியது. இரண்டாம் முறையும் அப்படியே. தளபதி தொத்தேய் காயமடைந்தார். பார்த்தீர்களா? அரணுக்குப் பின்னால் நின்று விரைவாகச் சுடுபவன் பக்கமே கணக்கு சாய்ந்தது. அதற்கு நாடும் இனமும் தெரியாது. மூன்றாம் முறை புஸ்ஸி தலைமையில் வரிசை குலையாமல் நடந்து அரணைக் கடந்தனர். யானைமேல் அமர்ந்திருந்த நவாப் குண்டு பட்டு வீழ்ந்தார். உயரத்தில் அமர்ந்த தலைவரை எல்லாரும் காண முடியும். அவர் வீழ்ந்ததையும் எல்லாரும் கண்டார்கள். படை கலைந்தது. மாபூஸ்கான் சிறைப்பட்டார். இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார்.

பின்விளைவுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர். திருச்சி முற்றுகையைத் தளர்த்துவதற்காக இராபர்ட் கிளைவ் 1751இல் ஆற்காட்டைப் பிடித்தார். 1757இல் சென்னையிலிருந்து சென்ற படையோடு வங்காளத்தில் பிளாசி. 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரின் தோல்வி. துணி வாங்க வந்த வணிகர்கள் நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்த வழி, பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் சென்றது. பிளாசியிலிருந்து கதையைத் தொடங்குவது, இரண்டாம் அங்கத்திலிருந்து நாடகம் பார்ப்பதற்கு ஒப்பாகும் என்பது என் கருத்து.

இப்போது அந்தச் சிப்பாய்களிடம் வருவோம். விரைந்து சுடும் திறமை பிறவியில் வருவதன்று; பயிற்சியில் வருவது. தமிழரும் தெலுங்கரும் அதைச் சில மாதங்களில் கற்றனர். கம்பெனியின் ஆட்சியைத் தாங்கிய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்தியர் கைகளிலேயே இருந்தன. அந்தக் கைகள் திரும்பினால்?

1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டையில் திரும்பின. சென்னைப் படைத் தலைவர் கிரடாக், சிப்பாய்கள் நெற்றிக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது என்றார். புதுவகைத் தலைப்பாகை ஒன்றையும் அணியச் சொன்னார். அதிலிருந்த குஞ்சம் தோலால் ஆனது. மாட்டுத்தோலோ, பன்றித்தோலோ என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேரக் கொதிக்க வைத்தது. இன்று தோல் தொழிலால் வாழும் இந்த வட்டாரத்தில், ஒரு துண்டுத் தோல் பேரரசை அசைத்தது! விடியுமுன் எழுந்த சிப்பாய்கள் நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயரைக் கொன்றனர். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மக்களை முன்னிறுத்தி மைசூர்க் கொடியை ஏற்றினர். ஆனால் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆற்காட்டுக்குச் செய்தி எட்டிவிட்டது. கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். பின்னால் வந்த, குதிரைகள் இழுத்தோடும் இலகுவான பீரங்கிகள் கதவைத் தகர்த்தன. மீண்டும் நேரக் கணக்குதான். பல நூறு சிப்பாய்கள் மாண்டனர். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர்.

ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு கம்பெனி புதிய என்பீல்டு துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதன் குழாயினுள் திருகுபோன்ற பள்ளங்கள் உண்டு. அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்று செல்லும் குண்டு, பம்பரம்போல நிலை மாறாமல் நேராகப் பாயும். முந்நூறு மீட்டரிலும் குறி தவறாது. ஆனால் குண்டு குழாயினுள் தடையின்றி இறங்கத் தோட்டாவுக்கு மசகு வேண்டும். எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வி 1857இல் எழுந்தது. அதன் விளைவை உங்கள் பாடநூலிலேயே படித்திருப்பீர்கள். நாம் போட்ட கணக்கில் நூறு மீட்டருக்குப் பதில் முந்நூறு என்று மாற்றிப் பாருங்கள். எட்டு என்ற விடை எவ்வளவாகிறது?