டயருக்குள்ளே ஒரு காவல்காரன்!

ஒரகடத்தில் "ஷிப்டு" என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேலை நேரத்தில் வேலை. மற்ற நேரத்தில் தூக்கம்.

பல புதிய கார்களின் சக்கரத்துக்குள்ளும் இப்படி ஒரு "ஷிப்டு" தொழிலாளி இருக்கிறான்!

ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலையும், அப்போலோ டயர் தொழிற்சாலையும் 2010-ல் உற்பத்தியைத் தொடங்கின. கார் ஓட டயர் வேண்டும். டயருக்குக் காற்று வேண்டும்.

காற்று குறைந்தால்?

டயர் மடங்கி மடங்கி நிமிரும். சூடு ஏறும். வேகமாகப் போகும்போது வெடித்துவிடலாம். குடும்பமே ஆபத்தில் சிக்கும். ஆனால் கொஞ்சம் காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கத்தான் டயருக்குள் ஒரு சிறிய கருவியை வைக்கிறார்கள். அதன் பெயர் "சென்சார்". அது காற்றின் அழுத்தத்தை அளக்கும். சுற்றுகிற சக்கரத்துக்குக் கம்பி இழுக்க முடியுமா? ஆகவே ரேடியோ அலை மூலம் செய்தி அனுப்பும்.

பேசினால் செலவு

இதற்குள் இருப்பது சின்னஞ்சிறு பேட்டரி. அது பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். அளப்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். செய்தி அனுப்பத்தான் அதிகம் தேவை. ஓயாமல் பேசினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே கார் நிற்கும்போது கருவி தூங்குகிறது. சக்கரம் உருண்டதும் விழிக்கிறது. அடிக்கடி அளக்கிறது, இடைவெளி விட்டுப் பேசுகிறது. ஆனால் காற்று திடீரென்று இறங்கினால், தன் முறை வரட்டும் என்று காத்திருக்காது. உடனே குரல் கொடுக்கும்!

நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் பேசினால்? செய்திகள் மோதிக் குழம்பும். அதனால் ஒவ்வொன்றும் நேரத்தை மாற்றி மாற்றி அதே செய்தியைச் சில தடவை சொல்லும். எந்தச் சக்கரம் பேசுகிறது என்று தெரிய, தன் எண்ணையும் சேர்த்துச் சொல்லும்.

சட்டம் வந்தது

1986-ல் ஜெர்மனியின் "போர்ஷே 959" கார் டயரின் காற்றைக் கண்காணிக்கும் ஏற்பாட்டுடன் வந்தது. அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம் ஆயிற்று. இந்தியாவில் 2020 அக்டோபர் முதல் புது விதி: இந்த ஏற்பாடும், டியூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் சாமானும் இருந்தால், காருக்கு "ஸ்டெப்னி" வேண்டியது இல்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்திப் பாருங்கள். மாதம் ஒரு தடவை, வண்டியை எடுக்கும் முன்பு, டயர் சூடேறாதபோது காற்றைச் சோதியுங்கள்.

காவல்காரன் கூவத்தான் முடியும். எழுந்து பார்ப்பது வீட்டுக்காரன் வேலை!