பீப்பாய் அடுப்பும் அதன் புகைக்குழாயும்

நுவரெலியாவிலிருந்து பதுளைக்கு இறங்கும் பெருவீதியில், உருளைக்கிழங்கும் போஞ்சியும் லீக்ஸும் விளைகின்ற படிக்கட்டு வயல்களுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேல் அமைந்திருக்கும் வெலிமடைப் பிரதேசத்தில், தண்ணீர் பாடப்புத்தகம் சொல்லுகிற 100 பாகையில் கொதிப்பதில்லை. 96, 97 பாகையை எட்டியதுமே தளதளவென்று கொதித்துவிடுகிறது. சீக்கிரம் கொதிக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. கொதிநீரின் உஷ்ணம் குறையக் குறைய, அரிசியும் பருப்பும் வேகிற நேரம் நீளும். நேரம் நீள, அடுப்புக்குள் தள்ளவேண்டிய விறகும் கூடும். அதோடு, மார்கழி தை மாதங்களில் பீலித் தண்ணீர் பட்டால் விரல் விறைத்துப்போகிற இந்த ஊர்களில், குழந்தைக்கும் வயோதிகருக்கும் குளிக்க வெந்நீர் வைத்தே தீரவேண்டும். ஊவா மலைநாட்டில் ஒரு குடும்பத்தின் விறகுக் கட்டில் பெரும்பகுதி எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இந்தச் செலவைச் சமாளிக்க இங்குள்ள ஜனங்கள் கைக்கொண்ட யுக்திகளில் ஒன்று, தாரோ மசகெண்ணெயோ வந்திறங்கிக் காலியான 200 லீற்றர் இரும்புப் பீப்பாயை வெட்டி அடுப்பாக்கிக்கொள்வது. பழைய வழக்கந்தான், ஆயினும், 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயாகி, அந்த விலைக்கும் அகப்படாமல் மக்களை வீதியில் வரிசையாக நிறுத்தியபோதும், அதே வருஷம் ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலில் ஏறியபோதும், விறகடுப்பை அநாகரிகம் என்று ஒதுக்கியிருந்த கடைத்தெரு வீடுகளுங்கூட மறுபடியும் அதன் பக்கம் திரும்பின. அவசரத்தில் செய்த அடுப்புகள் பல நன்றாக எரியவில்லை. அவற்றில் இருந்த குறை பெரும்பாலும் ஒன்றே. அதை இந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன்.

பீப்பாயின் பூர்வோத்தரம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 72 நாட்களில் உலகத்தைச் சுற்றிவந்து கீர்த்தி பெற்ற நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளப் பெண்மணி, 1889 டிசம்பரில் அடுத்த கப்பலுக்காகக் காத்துக் கொழும்பில் சில தினங்கள் தங்கி, கண்டிக்கும் ரயிலில் போய்வந்தவர். பிற்காலத்தில் கணவருடைய இரும்புச் சாமான் தொழிற்சாலையை நிர்வகிக்கும் பொறுப்பு அந்த அம்மையார் கைக்கு வந்தது. இன்று நாம் காணும் இரும்புப் பீப்பாயின் மூல அமைப்புக்கு 1905ஆம் வருஷம் காப்புரிமை வாங்கியவர் அந்தத் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஹென்றி வேர்ஹான். ஏறக்குறைய 23 அங்குல விட்டமும் 35 அங்குல உயரமும், நடுவே உருட்டுவதற்கும் உறுதிக்குமாக இரண்டு வளையப் புடைப்புகளும் உடைய இந்தப் பாத்திரம், எண்ணெயை எடுத்துப்போகப் பிறந்து, உலகமெங்கும் ஏழைகளின் வீட்டுச் சாமானாக முடிந்திருக்கிறது.

வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் பீப்பாயைப் படுக்கவைத்து, கால்களும் கதவும் குழாயும் பொருத்தி, மரக்குடிலைச் சூடாக்கும் கணப்பாகவே உபயோகிக்கிறார்கள். அங்கே இரும்புத் தகடு உஷ்ணத்தை அறைக்குள் வீசவேண்டும். அதுதான் அதன் பிரயோஜனம். நமக்கு வேண்டியதோ வேறு. உஷ்ணம் அறைக்குப் போகாமல் சட்டிக்குப் போகவேண்டும். ஆதலால் அந்நிய தேசத்து மாதிரியை அப்படியே எடுத்துக்கொண்டால் அடுப்படி வெந்துபோகும், சோறு வேகாது.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகேயன்றி வேறில்லை. காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேற்பட்டது, சூடேறியதும் ஆவியாகப் பிரிந்துவிடுகிறது. அந்த ஆவிக்குப் போதிய உஷ்ணமும் பிராணவாயுவும் ஒருங்கே கிடைத்தால் சுவாலையாகிறது, கிடைக்காவிட்டால் கண்ணைக் கரிக்கும் புகையாகிறது. குளிர்ந்த இரும்பில் மோதும் சுவாலை அணைந்து புகையாகவே திரும்பும். சூடேறிய மண்ணில் மோதும் சுவாலை முழுதாக எரிந்து தீரும். கணக்குப் பார்த்தால் நஷ்டம் விளங்கும். ஒருவர் குளிப்பதற்கான 20 லீற்றர் தண்ணீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏற்றுவதற்கு, ஏறத்தாழ 125 கிராம் காய்ந்த விறகில் அடங்கிய வெப்பமே போதுமானது. மூன்று கல் வைத்து மூட்டிய திறந்த தீயிலோ, வெப்பத்தில் பத்தில் ஒன்றோ சற்றுக் கூடவோ மாத்திரம் பாத்திரத்தில் சேர்வதனால், ஒரு கிலோ விறகு வரையில் சாம்பலாகிறது. மீதி வெப்பம் காற்றோடு போகிறது. புகை நெஞ்சுக்குள் போகிறது. வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

இவ்விடத்தில் தோட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை, பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. புகை பட்டால் தூள் விலைபோகாது. அதனால்தான், காச்சார்ப் பகுதியில் தேயிலைத் துரையாக இருந்து பின்பு 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை கண்ட சாமுவேல் டேவிட்சன், கொழுந்து காயவைக்கும் ‘சிரோக்கோ’ யந்திரத்தை அமைத்தபோது, நெருப்பின் புகை ஒரு வழியாகவும் இலைக்குப் போகிற சூடான காற்று வேறு வழியாகவும் செல்லும்படி குழாய்களைப் பிரித்து, புகையை வானத்துக்கு அனுப்பினார். இன்றும் ஊவாவின் தொழிற்சாலைகள் பலவற்றில் உயர்ந்த புகைக்கூண்டு நிற்கிறது. அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பணிய, கொழுந்து பறித்தவர்கள் வாழ்வதற்கென்று நூறு வருஷங்களுக்கு முன் வரிசையாகக் கட்டிய லயத்தில், ஒரு காம்பராவும் ஓர் இஸ்தோப்பும் கொடுத்தவர்கள், புகை போக ஒரு துவாரம் விடவேண்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. இலைக்குத் தந்த மரியாதையை ஆளுக்குத் தரவில்லை என்பது என் அபிப்பிராயம்; லயத்துக் கூரையின் உட்புறத் தகரத்தை அண்ணாந்து பார்த்தவர்கள், தார் பூசியதுபோல் படிந்த கரியைக் கண்டு, இதை மறுக்கமாட்டார்கள்.

புகையை வெளியேற்றும் அடுப்பு நமது தேசங்களுக்குப் புதியதன்று. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா வழிநடத்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியிலிருந்து ‘மகன் சூலா’ என்ற குழாய் வைத்த மண் அடுப்பு வெளிவந்தது. இலங்கையில் 1980களில் உருவாகிப் பரவிய ‘அனகி’ அடுப்பு, குழாய் இல்லாததாயினும், ஒரே தீயில் இரண்டு பாத்திரங்களைச் சூடாக்கும் வித்தையை வீடுதோறும் கற்பித்தது. நல்ல பீப்பாய் அடுப்பு இவ்விரண்டு உபாயங்களையும் சேர்த்துக்கொள்கிறது.

இனிச் செய்கிற விதம். முதலாவது, பீப்பாயில் என்ன இருந்தது என்று விசாரிக்காமல் அதை வாங்கக் கூடாது. மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த இந்தப் பக்கத்தில் பூச்சிமருந்து வந்த பீப்பாய்களும் அகப்படும். எத்தனை தடவை கழுவினாலும் அவை அடுப்புக்கு ஆகா. நாகப் பூச்சுள்ள தகடும் சூடேறினால் விஷப்புகை விடும். எண்ணெய் இருந்த பீப்பாயோ, நிறைந்திருப்பதைவிடக் காலியாக இருக்கும்போதுதான் அதிக அபாயமானது என்பதைப் பலர் அறியார். உள்ளே தங்கிய ஆவியும் காற்றும் கலந்து நிற்க, மூடிகளைத் திறக்காமல் கிரைண்டரையோ வெல்டிங் சுவாலையையோ வைத்தவர்களுக்குப் பீப்பாய் வெடித்து உயிராபத்து நேர்ந்ததுண்டு. ஆகவே இரண்டு மூடிகளையும் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரால் பலமுறை அலசி, வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, மூடிகளைத் திறந்தபடியே விட்டு, வெட்டவெளியில் வைத்து வெட்டவேண்டும்.

பாதிக்குப் பாதியாக, 18 அங்குல உயரத்தில் அறுத்தால், மூடித் துவாரங்கள் இல்லாத அடிப்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொள்ளலாம். பீப்பாயின் அடித்தட்டே அடுப்பின் மேல்தட்டாகிவிடும். ஒரு முழம் உயரத்தில் செங்கல் மேடை கட்டி அதன்மேல் இருத்தினால், நின்றுகொண்டு சமைப்பவர்களுக்கு இடுப்பு நோகாது. மேல்தட்டில், சோற்றுப் பானைக்குப் பொருந்தும் பெரிய வட்டம் ஒன்றையும், அதன் பின்னால் கேத்தலோ கறிச்சட்டியோ உட்காரும் சிறிய வட்டம் ஒன்றையும் வெட்டி, பாரத்தில் தட்டு குழிந்துபோகாதபடி அடியில் முறுக்குக் கம்பி இரண்டை ஒட்டிவிடவேண்டும். முன்பக்கத்தில் விறகு தள்ள 7 அங்குலச் சதுர வாய். அதற்குக் கீழே, கம்பித் தட்டிக்கு அடியில், காற்றுப் புகவும் சாம்பல் வாரவும் 3 அங்குல உயரமான இன்னொரு வாய். கதவுக்கும் பிணைச்சலுக்கும் வேண்டிய தகட்டை மற்றப் பாதியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விறகு வாயைப் பெரிதாக வெட்டுகிற ஆசை பலருக்கு உண்டு. மொத்தக் கட்டையைப் பிளக்காமல் தள்ளலாம் என்ற சோம்பல்தான் காரணம். அவ்வளவு பெரிய வாயினால் குளிர்காற்று வெள்ளமாகப் புகுந்து தீயைத் தணித்துவிடும்.

இரும்பு வேலை அரைநாளில் முடியும். அடுப்பின் ஜீவன் அதற்குப் பிறகு செய்யும் மண் வேலையில் இருக்கிறது. புற்றுமண்ணும் மணலும் உமியும் சிறிது சாணமும் கலந்து, காலால் மிதித்து, ஒரு நாள் மூடிவைத்துப் புளிக்கவிட்டு, உட்சுவரில் மூன்று அங்குலக் கனத்துக்கு அப்பவேண்டும். பெரிய வட்டத்துக்கும் சிறிய வட்டத்துக்கும் நடுவே மண்ணால் ஒரு வரம்பு எழுப்பி, சுவாலை முதற்பானையின் அடியைத் தடவி, வரம்பைத் தாண்டி, இரண்டாவது பாத்திரத்தைச் சுற்றி, அதன் பின்னரே குழாய்க்குள் நுழையும்படி செய்தல் அவசியம். கை போகாத மூலைகளில் ஈரத்துணியால் வழித்துவிடுவது பெண்கள் அறிந்த முறை. நிழலில் மெதுவாகக் காயவேண்டும். இரண்டாம் நாளே தீ மூட்டினால் வெடிப்பு விடும். மெல்லிய வெடிப்புகளைச் சாணக் கரைசலால் பூசி மறுபடியும் காயவைப்பார்கள். இந்த மண்பூச்சு இல்லாத வெறும் தகடு செந்தணலாகச் சிவந்து, துருவேறி, இரண்டொரு வருஷத்தில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

வெலிமடைக் கடைத்தெருவுப் பக்கத்து வெல்டிங் கடைகளில் அன்றாடம் நடக்கும் சம்பாஷணை இப்படி இருக்கும்:

“அண்ணே, பரல் நான் கொண்டாந்திட்டேன். பைப்பு வேணாம், காசு கூடுது. கதவு மட்டும் வச்சுத் தாங்க.”

“பைப்பு இல்லாட்டி கதவு எதுக்கு தங்கச்சி? கதவச் சாத்துனா நெருப்பு அணைஞ்சிரும், தொறந்தா மூஞ்சிக்குப் பொக வரும். காசு இல்லாட்டி கதவ விட்டுட்டு பைப்ப வச்சுக்க.”

அந்த ஆசாரி சொல்வதில் பௌதிக சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. குழாய்க்குள் ஏறுகிற சூடான வாயு இலேசானது. அது மேலே போகிற வேகம், கீழ்வாயில் புதிய காற்றை இழுக்கிறது. குழாய் உயர உயர இழுப்பும் உயரும். வளைவு கூடக் கூட இழுப்புக் குறையும். ஐந்து அங்குல விட்டமுள்ள குழாயைக் கூடியமட்டும் நேராக ஏற்றி, கூரை முகட்டுக்கு இரண்டு அடி மேலே கொண்டுபோய், மழைக்கு ஒரு தகரத் தொப்பி வைத்தால் போதும். கூரைக் கைமரத்தையோ சிலாகையையோ குழாய் உரசக் கூடாது. அந்த இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாகச் செருகி நடுவே காற்றிடம் விடவேண்டும். பலகைச் சுவர் உள்ளவர்கள் அடுப்பை அதிலிருந்து மூன்று அடி தள்ளியே வைக்கட்டும். முதல் தீயை மாத்திரம் முற்றத்தில் மூட்டி, பழைய வர்ணமும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிந்து தீரும் வரையில் காற்று வரும் பக்கமாக விலகி நிற்கவேண்டும்.

அடுப்பு எவ்வளவு உத்தமமானாலும் பச்சை விறகுக்கு அது ஜவாப்தாரியாகாது. புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கக்கூடும். அந்தத் தண்ணீரை விரட்டவே தீயின் சக்தி செலவாகிவிடும். ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரை வீசும் வறண்ட காற்றுத்தான் தேயிலைக்கு அதன் பேர்போன மணத்தைத் தருகிறது. விறகு காய்வதற்கும் அதுவே காலம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறும், சவுக்கும், டர்பண்டைன் கட்டையும் அந்த மாதங்களில் பிளந்து, காற்றோடும்படி அடுக்கிக் கூரைக்கடியில் வைத்துவிட்டால், ஐப்பசிக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது கவலையில்லை. மிலாறு மெல்லியது, ஆனால் வைரம் பாய்ந்தது. பீப்பாய் அடுப்பின் சிறிய வாய்க்கு அதைவிடப் பொருத்தமான விறகு வேறில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். குளிருக்குப் பயந்து, சமையல் முடிந்த தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு கதவடைத்த காம்பராவுக்குள் வைத்துத் தூங்குவது மரணத்தை அழைப்பதாகும். தணல் விடுகிற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பீப்பாயின் மற்றப் பாதியிலோ முழுப் பீப்பாயிலோ தண்ணீர் காய்ச்சுகிறவர்கள், மூடியை இறுக்கி அடைத்துவிடக் கூடாது. அடைபட்ட நீராவி இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளிவரும்.

மாதம் ஒருமுறை தொப்பியைக் கழற்றி, நீண்ட கம்பில் சாக்குத் துணி சுற்றிக் குழாயின் கரியைத் தட்டிவிடவேண்டும். சாம்பலைத் தினமும் வாரவேண்டும். கம்பித் தட்டிக்கடியில் சாம்பல் மேடிட்டால் காற்று வராது. வாரிய சாம்பல் காரத்தன்மை உடையது. லீக்ஸ், கோவா, போஞ்சிப் பாத்திகளில் அளவாகத் தூவினால் பயிருக்குச் சாம்பற்சத்துச் சேரும். உருளைக்கிழங்குப் பாத்தியில் மாத்திரம் போடாதிருக்கவேண்டும், கிழங்கின் தோலில் சொறி விழும். புளிப்பு மண்ணை விரும்புகிற தேயிலைச் செடியின் அடியிலும் கொட்டக் கூடாது.