மெலியோன் பக்கம் நெஞ்சம் சாய்வதேன்?

வலியானும் மெலியானும் எதிர்நின்று பொருங்கால், காண்போர் நெஞ்சம் பெரும்பாலும் மெலியான்பாற் செல்லுதல் உலகியல்பு. நமக்கு உறவும் நட்பும் அல்லாத ஒருவன் குத்துண்டு வீழுங்கால் நம் கைகள் தாமே இறுகுகின்றன. அவன் எழுங்கால் நாமும் உடன் எழுந்ததுபோல் உணர்கின்றோம். முடிவு இன்னதென முன்னரே அறிந்திருந்தும், அதே படத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பார்க்கின்றோம். எளியோன் ஒருவன் மேடையேறும் குத்துச்சண்டைப் படங்களுக்கு இத்துணை நீண்ட ஆயுள் வாய்த்தது எங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வியல்பு திரைப்படத்தோடு தோன்றியதன்று. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் மற்போர் வீரன் ஒருவனைப் பற்றியவை. அவன் சோழன் தித்தனின் மகனாகிய போரவைக் கோப்பெருநற்கிள்ளி. தந்தையோடு பகைத்துப் பிரிந்து, வேற்றூரில் வறுமையுற்றுக் கூழுண்டு வாழ்ந்தவன். அவன் ஆமூர் மல்லனை எதிர்த்து வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடுகின்றார். பகைவன் மார்பில் ஒரு காலை மண்டியிட்டு நிற்கும் அவன் நிலையை, அவனை வெறுத்த தந்தை காணல் வேண்டும் என்பதே அப்புலவரின் வேட்கை. நக்கண்ணையார் கூறுவதோ இன்னும் நுட்பமானது. களம் அவனுடைய ஊரும் அன்று, நாடும் அன்று. ஆதலின் வெற்றி அவனதே என்பார் ஒரு சாராரும், அன்று என்பார் ஒரு சாராருமாக ஊர் பிளவுபட்டு நிற்கின்றது. அப்பெண் மட்டும் பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வென்றதைத் தன் கண்ணாற் காண்கின்றாள். இன்றைய படத்தில் வேண்டப்படும் உறுப்புக்கள் யாவும் ஈண்டு உள்ளன: கைவிட்ட குடும்பம், வறுமை, வேற்றுக் களம், நம்பாத கூட்டம், நம்பும் ஒரு நெஞ்சம்.

யாம் பிறந்த பெரிய காஞ்சிபுரம் பல்லவர் தலைநகரின் ஒரு பகுதி. இங்கிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பது பட்டப்பெயர். பெருமல்லன் என்பது அதன் பொருள். வாதாபியை வென்ற அம்மன்னனை நாம் வியக்கின்றோம். ஆயினும் கூழுண்டு மற்போர் செய்தவனிடத்து நமக்கு உண்டாவது வியப்பன்று, நெருக்கம். வியப்பு தொலைவில் நின்று மேல் நோக்குவது. நெருக்கம் அருகில் நின்று தோளிற் கைவைப்பது.

அந்நெருக்கத்தை நம் காலத்தில் மிகுதியும் பெற்ற தமிழ்ப்படம் பா. இரஞ்சித் இயக்கிய ‘சார்பட்டா பரம்பரை’. அது 2021-ஆம் ஆண்டு சூலை 22-ஆம் நாள், நோய்த்தொற்றுக் காலத்தில், திரையரங்கிற்கு வாராமல் இணையவழியே வெளிவந்தது. நெசவாளர் இல்லங்கள் பலவற்றில் அதனைக் கைப்பேசியின் சிறுதிரையிலேயே கண்டோம். கதை 1970-களில் வடசென்னையில் நிகழ்கின்றது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், தாய் பாக்கியம் விலக்கியும் கேளாமல், இரங்கன் வாத்தியாரின் சார்பட்டா பரம்பரைக்காக இடியாப்பப் பரம்பரையை எதிர்த்து மேடையேறுகின்றான். டான்சிங் ரோஸ் என்பவனை வெல்கின்றான். வேம்புலியையும் வெல்லும் தறுவாயிற் சூழ்ச்சியால் அவமானம் அடைகின்றான். பின்னர்ச் சிறை, குடி, பகை எனக் கீழிறங்குகின்றான். காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா 1949-இல் தோற்றுவித்த கட்சியின் ஆட்சி, நெருக்கடிநிலைக் காலத்தில் 1976 சனவரி 31-ஆம் நாள் கலைக்கப்பட்ட வரலாறும் இக்கதையோடு பின்னப்பட்டுள்ளது. ஈற்றில் பீடி இராயப்பன் என்னும் முதிய மீனவரிடம் மீண்டும் பயின்று, கபிலன் மேடையேறுகின்றான்.

இத்தகைய கதை நம்மைக் கவர்தற்கு மூன்று காரணங்கள் உண்டு என்பது எம் துணிபு.

முதலாவது, குத்துச்சண்டை மேடை துன்பத்திற்கு ஒரு முகம் தருகின்றது. இதனை விளக்க நம் ஊர்ப் பெயர் தாங்கிய பிறிதொரு படத்தை ஒப்பிட்டு நோக்குவோம். பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007-ஆம் ஆண்டிற்குரிய சிறந்த திரைப்படம் என்னும் தேசிய விருதைப் பெற்றது. பிரகாசுராசு சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அதன் தலைவன் வேங்கடம் ஒரு பட்டு நெசவாளி; தன் மகளைப் பட்டுச்சேலை உடுத்தி மணம் செய்துகொடுப்பதாக வாக்களித்து, அதற்காகப் பட்டுநூலைத் திருடும் நிலைக்கு வந்து, ஈற்றில் யாவும் இழக்கின்றான். அப்படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தோம். ஆயினும் அதனை மீண்டும் காண எளிதில் மனம் துணிவதில்லை. ஏன்? வேங்கடத்தை வீழ்த்தியவன் யாவன்? முதலாளியா, கூலியா, கடனா, காலமா? பகைக்கு அங்கே உருவம் இல்லை. அடித்தவனைத் திருப்பி அடிக்க இடமும் இல்லை. கபிலனுக்கோ எதிரி மூன்று முழத் தொலைவில் நிற்கின்றான். நாற்புறமும் கயிறு, சுற்றுக்கு இத்துணை நிமிடம் என்னும் வரையறை, நடுவே ஒரு நடுவர். மேடைக்கு வெளியே எத்துணை ஏற்றத்தாழ்வு இருப்பினும், மணி அடித்தபின் இருவருக்கும் இரண்டே கைகள். வாழ்க்கையில் எளியோர்க்குக் கிட்டாத அந்தச் சமநிலையை மேடை சிறிதுபொழுது தருகின்றது.

இரண்டாவது, உழைப்பைக் கண்முன் காட்டுதல். செல்வமும் பதவியும் ஒருவனுக்கு எவ்வாறு வந்தன என்பதை நாம் காண்பதில்லை. குத்துச்சண்டைக்காரன் ஓடுவதையும், மூச்சிரைப்பதையும், ஒரே அசைவை நூறுமுறை பழகுவதையும் காண்கின்றோம். பிள்ளையார்பாளையத் தெருக்களில் தறிக்குழியில் அமர்ந்து மிதி மிதிப்பாரைக் கண்டு வளர்ந்தார்க்கு இஃது அயலான காட்சியன்று. கோர்வைச் சேலையில் உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. கரைக்குரிய நாடாவை எறியத் துணையாள் ஒருவர் அருகிருத்தல் வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் இயங்காவிடின் கரை பிசகும். கையின் விரைவைச் சாத்தந்தையார் எதனோடு உவமித்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கின்றது, கதிரவனும் மறைகின்றான், அந்நிலையில் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவன் கையிலுள்ள ஊசியின் விரைவே அம்மற்போரின் விரைவு என்றார். அரசன் மகனின் வீரத்திற்கு உழைப்பாளியின் கருவியே அளவுகோல் ஆயிற்று. பவுலடிகளும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தம் உடலை ஒடுக்கிப் பயிற்றுதற்குக் குத்துச்சண்டையை உவமை கூறினார். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தோர் அவ்விடத்திற் சிலம்பம் என்னும் சொல்லைப் பெய்தது, பயிற்சி என்பதை நம்மவர் எந்தக் களத்தில் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

மூன்றாவதும் தலையாயதும், வெற்றி என்னும் சொல்லுக்கு இக்கதைகள் வேறு பொருள் தருவது. 1976-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ராக்கி’ இதற்குச் சான்று. ஏறக்குறைய 10 இலட்சம் டாலர் செலவில், 28 நாட்களிற் படமாக்கப்பட்ட அச்சிறு படம் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதை வென்றது. எழுதி நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோனுக்குக் கதையைத் தூண்டியது 1975 மார்ச் 24-ஆம் நாள் நிகழ்ந்த ஒரு போட்டி. உலக வீரர் முகம்மது அலியை எதிர்த்து, வெல்வார் என ஒருவரும் எண்ணாத சக் வெப்னர் நின்றார். பதினைந்தாம் சுற்றில், ஆட்டம் முடிய 19 நொடிகளே எஞ்சியிருந்தபோது நிறுத்தப்பட்டார். தோற்றார் வெப்னரே, ஆயினும் கதையானவரும் அவரே. படத்திலும் ராக்கி வெல்லவில்லை. நடுவர் கணக்கில் தோற்கின்றான். ஆயின் இறுதி மணி அடிக்கும்போது நிற்கின்றான். அவன் வேண்டியது அவ்வளவே. தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று கூறிய உலகிற்கு அவன் தரும் விடை அந்நிலையே. வடசென்னையார் இவ்விளையாட்டை ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என வழங்குவர். ஆங்கிலத்தினின்று வந்த ஆட்டத்திற்கு அவர்கள் சேர்த்த ரோசம் என்னும் அடைமொழியிலேயே இதன் உட்பொருள் அடங்கியுள்ளது. அந்த அலியே 1980-இற் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். உழைத்தால் எவரும் உயரலாம் என்று கூறி, உயரவொட்டாமல் தடுக்கும் காரணங்களை இக்கதைகள் மறைக்கின்றன அல்லவோ? வேங்கடம் உழைக்கவில்லையா? நம் ஊர் நெசவாளர் உழைக்கவில்லையா? உழைத்தும் தறியை நம்பமுடியாமல், அவர்தம் மக்கள் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறுவதை நாள்தோறும் காண்கின்றோம். அவர்களுக்கு ஒரு படத்தின் வெற்றி என்ன ஆறுதல் தரும்?

இவ்வையம் தள்ளத்தக்கதன்று. தனியொருவன் முயற்சி மட்டுமே போதும் எனக் கூறும் படம் பொய் கூறுகின்றது. ஆயின் நெடுங்காலம் நிலைக்கும் படங்கள் அங்ஙனம் கூறுவதில்லை. கபிலனுக்கு இரங்கன் வாத்தியார் உளர். மனைவி மாரியம்மாள் உளள். முன்னர்த் தடுத்த தாயே பின்னர் அவனைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கின்றாள். கடலோர மீனவர் துணை நிற்கின்றனர். பரம்பரை என்னும் பெயரே ஒருவன் கைக்குப் பின்னால் உள்ள பலர் கைகளைக் குறிப்பது. மேலும், மேடையில் எதிரியை வெல்லுதல் மேடைக்கு வெளியே உள்ள இழிவை நீக்கிவிடாது என்பதையும் அப்படம் மறைக்கவில்லை; கபிலனின் வீழ்ச்சி நிகழ்ந்தது அவன் வெல்லும் தறுவாயிலன்றோ? எனவே இப்படங்கள் வழங்குவது வாக்குறுதியன்று, நினைவூட்டல். நியாயமான களமும், கற்பிக்கும் ஆசானும், விழுந்தபின் மீண்டும் எழக் காலமும் கிடைப்பின், எளியோன் என எண்ணப்பட்டவன் எத்தகையவன் ஆவான் என்பதை அவை காட்டுகின்றன. அக்களம் ஏன் எங்கும் இல்லை என்று வினவுவது படம் கண்டு எழுந்த நம் கடமை.

ஆதலின் மெலியோன் பக்கம் நெஞ்சம் சாய்வது இரக்கத்தால் மட்டும் அன்று. உரிய அளவுகோல் கிட்டின் தாமும் அளக்கப்படத் தக்கவரே என்னும் நம்பிக்கையாலும் ஆகும். நக்கண்ணையார் பனையடியில் நின்று கண்டதும் அதுவே. ஊர் இரண்டுபட்டுப் பேசிக்கொண்டிருக்க, கூழுண்டவனின் தோளை அவர் ஐயுறவில்லை. கற்கும் நாமும் நம் ஊர்த் தெருக்களில் அத்தகைய தோள்களைக் கண்டறிந்து, அவர்களுக்கு உரிய களம் அமைய உடன் நிற்போமாக.