சுருட்டில் இருப்பது கறையா, பூசணமா? பில் இல்லாமல் வாங்காதீர்கள்

மேலிலையில் பச்சைத் திட்டு தெரிந்தால் ‘கெட்டுப்போன சரக்கு’ என்று கடைக்காரரிடம் சண்டை பிடிக்கிறார்கள். வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தாலோ, “பழசானா இப்படித்தான் சார் பூக்கும், நல்ல சரக்கு” என்று அவர் சொல்வதை நம்பி, துணியால் துடைத்துவிட்டுப் பற்றவைக்கிறார்கள். இரண்டும் தவறு. சுருட்டு வாங்குவோர் பலர் இப்படியே ஏமாறுவதைப் பார்க்கிறேன்.

இலை அவசரமாகக் காய்ந்தால் பச்சையம் தங்கிப் பச்சைத் திட்டாகும். புடைத்த நரம்பும் லேசான நிற வேறுபாடும் தோற்றக் குறைகளே. உறையூரில் கையால் சுருட்டும் சரக்கு அச்சில் வார்த்தது போல் இருக்காது.

பூசணம் வேறு. இலைக்கு மேல் எழும்பி, பஞ்சுபோல் வட்ட வட்டமாக, வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ படரும். முடை நாற்றம் வரும். பற்றவைக்கும் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கும் இருந்தால் உள்ளே இறங்கிவிட்டது, துடைத்துப் பயனில்லை. துடைக்காதீர்கள், பிடிக்காதீர்கள்.

ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளையும் அடியில் பொடியும் இருந்தால் புகையிலை வண்டு. நம்மூர் வெக்கையில் அது வேகமாகப் பெருகும். அந்தச் சுருட்டை உடனே தனியே பிரித்துக் காற்றுப்புகாத பையில் போடுங்கள்.

இனி செய்ய வேண்டியது. வாங்கும்போதே பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகைக்கும் பயப்படாதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் கடைக்காரர் திரும்பப் பெற்றாக வேண்டும். குறையை நெருக்கத்தில் படமெடுங்கள். பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, மாதம், ஆண்டு, விலை ஆகியவற்றையும் எடுங்கள். இவை இல்லாத பெட்டி என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘இங்கே இல்லை, அங்கே போ’ என்று அலைக்கழித்தால் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு கேளுங்கள், வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கின் பெட்டியில் 85 சதவீதப் படஎச்சரிக்கை இல்லையா? மேலிலை எவ்வளவு மினுமினுத்தாலும் அதை வாங்காதீர்கள்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். கறையில்லாத சுருட்டும் வாய்ப் புற்றுநோயைத் தரும். விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். விடும்வரை வாங்குவோருக்கு மீண்டும் சொல்கிறேன்: பில்லை வாங்குங்கள், புகார் முடியும்வரை பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.