4ஆலும் 6ஆலும் வகுபட்டால் 24ஆல் வகுபடுமா?



குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வை மதுரையிலேயே எழுதலாம். ஆனால் இரண்டாம் தாளில் 200க்கு 33 சதவீதம் எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். அந்தத் தாளில் 'கொடுத்த விவரம் போதுமா?' என்றொரு வகைக் கேள்வி வரும். உறுதியாக 'இல்லை' என்று சொல்ல முடிந்தாலும் விவரம் போதும்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஓர் எண் 24ஆல் வகுபடுமா? விவரம் 1: 4ஆல் வகுபடும். விவரம் 2: 6ஆல் வகுபடும்.

நாலாறு இருபத்து நாலு, எனவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். 12ஐப் பாருங்கள். 4ஆலும் 6ஆலும் வகுபடுகிறது, 24ஆல் வகுபடவில்லை. 24ஓ வகுபடுகிறது. ஆமென்றும் வருகிறது, இல்லையென்றும் வருகிறது, விவரம் போதாது. இரண்டிலும் 2 பொதுக் காரணியாக இருப்பதே காரணம். பெருக்காமல் மீச்சிறு பொது மடங்கை எடுங்கள்: 12. அதுவே 3, 8 என்றிருந்தால் பொதுக் காரணி இல்லை, 24 உறுதி.

மதரஸாவில் ஃபராயிள் ஓதியவர்களுக்கு இது பழகிய கணக்கு. கால் பங்கும் ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து வந்தால் சொத்தை 12 பாகமாகத்தான் வைப்போம். எட்டில் ஒன்றும் ஆறில் ஒன்றும் வந்தால்தான் 24.