நைட்ரசன் நுரை விரிசல் முறை

நைட்ரசன் நுரை விரிசல் முறை என்பது, நைட்ரசன் வளிமக் குமிழிகள் நிறைந்த நுரையை உயரழுத்தத்தில் கிணற்றுக்குள் செலுத்திப் பாறையில் விரிசல்களை உண்டாக்கும் முறையாகும். இது நீரழுத்த விரிசல் முறையின் ஒரு வகை. இயற்கை அழுத்தம் குறைந்த, நீர் பட்டால் கெடக்கூடிய பாறைகளில் அமைந்த எண்ணெய்க் கிணறுகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

பின்னணி

எண்ணெய் பாறையின் நுண்துளைகளில் தங்கியுள்ளது. துளைகளுக்கிடையே இணைப்பு குறைவாக இருந்தால் அது கிணற்றை நோக்கி நகராது. பாறையைப் பிளந்து அதற்கு வழி அமைப்பதே விரிசல் முறையின் நோக்கம். 1947 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள ஹியூகோட்டன் வளிம வயலில் இது முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. அழுத்தம் நீங்கியதும் விரிசல்கள் மூடிக்கொள்ளாதிருக்க, அவற்றினுள் மணல் நிரப்பப்படுகிறது.

கிடைமட்டக் கிணறு செங்குத்தாக இறங்கி, எண்ணெய் உள்ள அடுக்கை நெருங்கும்போது வளைந்து, அதனூடே நெடுந்தொலைவு செல்கிறது. இந்தக் கிடைப்பகுதி பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, கடைக்கோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரிசலிடப்படுகிறது.

நீரினால் வரும் சிக்கல்

விரிசலிடச் செலுத்திய நீர் பின்னர் வெளியேற வேண்டும். பாறையின் அழுத்தம் குறைவாக இருந்தால் அதனால் நீரை வெளியே தள்ள இயலாது. நுண்துளைகளில் தங்கிவிடும் நீர் எண்ணெயின் பாதையை அடைத்துவிடுகிறது. சில களிமண் கனிமங்கள் நீரை உறிஞ்சி வீங்குவதாலும் துளைகள் குறுகுகின்றன. இதனால் உற்பத்தியைப் பெருக்கச் செய்த வேலையே அதைக் குறைத்துவிடக்கூடும்.

செயல்படும் விதம்

நைட்ரசன் −196 பாகை செல்சியசில் கொதிப்பது. அது நீர்ம நிலையில் கிணற்றடிக்குக் கொண்டுவரப்பட்டு, அழுத்தமேற்றப்பட்டு, வெப்பமூட்டி வளிமமாக்கப்படுகிறது. நீர், மணல், நுரையாக்கி ஆகியவை கலந்த குழம்புடன் இவ்வளிமம் சேரும்போது நுரை உருவாகிறது.

நுரையின் கனவளவில் வளிமத்தின் பங்கு 'நுரைத் தரம்' எனப்படும். தரம் 75 விழுக்காடு எனில், கிணற்றின் ஆழத்தில் நிலவும் அழுத்தத்தில் 100 லிட்டர் நுரையில் 25 லிட்டர் மட்டுமே நீர்மம். நெருக்கமாக அடுங்கிய குமிழிகள் நுரைக்குப் பாகுத்தன்மை தருகின்றன. கிடைக்குழாயில் வெறும் நீர் மணலை அடியில் படியவிடும். நுரையோ அதைத் தாங்கி விரிசல் வரை சுமந்து செல்கிறது.

கிணற்றின் அழுத்தம் தணிக்கப்பட்டதும் குமிழிகள் விரிவடைந்து நீர்மத்தை வெளியே தள்ளுகின்றன. குழாயிலுள்ள நுரை எடை குறைந்தது என்பதால், வலுக்குறைந்த பாறையாலும் அதை மேலே உயர்த்த முடிகிறது.

குறைபாடுகள்

வெளியேறும்போது உதவும் அதே எடைக்குறைவு, உள்ளே செலுத்தும்போது தடையாகிறது. 1,000 மீட்டர் உயர நீர்த்தம்பம் தன் எடையாலேயே ஏறத்தாழ 98 பார் அழுத்தம் தருகிறது. நுரை அவ்வளவு தருவதில்லை. குறையும் அழுத்தத்தை மேற்பரப்பு எக்கிகள் ஈடுசெய்ய வேண்டும். எனவே மிக ஆழமான கிணறுகளுக்கு இம்முறை எளிதில் பொருந்தாது.

மணல் நீர்மத்துடன் மட்டுமே கலக்கப்படுவதால், வளிமம் சேர்ந்தபின் அதன் செறிவு வெகுவாகக் குறைகிறது. நைட்ரசனுக்கும் அதற்கான கருவிகளுக்கும் செலவு மிகுதி. தொடக்கத்தில் கிணற்றிலிருந்து வரும் இயற்கை வளிமத்தில் நைட்ரசன் கலந்திருப்பதால் அதன் எரிதிறனும் குறைவாக இருக்கும்.

பயன்பாடு

அமெரிக்காவின் அப்பலாச்சியப் பகுதியில் உள்ள டெவோனியக் கால ஷேல் பாறைகளில் நைட்ரசனும் அதன் நுரையும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. 2010களில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, பெரீயா மணற்பாறையில் தோண்டப்பட்ட கிடைமட்ட எண்ணெய்க் கிணறுகளிலும் நைட்ரசன் நுரை பயன்படுத்தப்பட்டது. அங்கு எண்ணெய் அடுக்கு ஆழம் குறைந்தது, ஊடுருவுதிறனும் குறைவு.

பாதுகாப்பும் சூழலும்

நைட்ரசன் எரியாது, நச்சுத்தன்மையும் அற்றது. ஆயினும் நிறமும் மணமும் இல்லாத இவ்வளிமம் மூடிய இடத்தில் கசிந்தால் ஆக்சிசனை விலக்கி, எச்சரிக்கையின்றி உயிரைப் பறிக்கும். நீர்ம நைட்ரசன் தோலில் பட்டால் உறைபுண் உண்டாகும்.

நீர்த்தேவையைக் குறைப்பது இம்முறையின் தெளிவான நன்மை. ஆனால் நிலத்தடி நீரின் பாதுகாப்பு, கிணற்றின் உறைகுழாயும் அதைச் சுற்றியுள்ள சிமெந்தும் கசிவின்றி இருப்பதைப் பொறுத்தது. எண்ணெயுடன் வெளிவரும் உப்புநீரை முறையாக அகற்றும் பொறுப்பும் நுரையால் நீங்கிவிடுவதில்லை.